ஆர்6-க்கு வெளிச் சீட் வாங்குறதா, இருக்கிற சீட்டையே மாத்துறதா?

ஆறாம்கியர்:
வண்டி யமஹா ஆர்6, 2017 மாடல். சீட் கம்பெனியில வந்தது, இதுவரை கை வைக்கல. முக்கால் மணி நேரம் வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அதுக்கு மேல தொடை இடுக்கு மரத்துப்போகுது, உள்ளங்கை எரியுது. பின்னாடி தள்ளி உட்கார்ந்தாலும் பத்து நிமிஷத்துல மறுபடி டேங்க்ல போய் ஒட்டிக்கிறேன்.

என் உயரம் 168 செ.மீ., எடை 72 கிலோ. சீட் உயரம் 850 மி.மீ., இப்பவே நுனிக்கால்தான். அதனால உயரம் கூடக் கூடாது. பெரும்பாலும் நெடுஞ்சாலை, எப்பவாவது டிராக்.

யோசிச்சு வச்சிருக்கிறது: ஜெல் போட்ட ரெடிமேட் சீட், கார்பின்னு ஒரு சீட் கம்பெனி இருக்கே, அது மாதிரி முழு சீட், இருக்கிற சீட்டுல ஃபோம் மட்டும் மாத்துறது, இல்லேன்னா மேல கட்டுற காத்து குஷன். எது சரி வரும்? நல்லா மெத்துன்னு இருந்தா போதும்னு தோணுது, ஆனா சரியா தெரியல.

ரசமட்டம்:
மெத்துன்னு இருக்கணும்கிறதை முதல்ல மறந்துடுங்க ப்ரோ. எந்த சீட்டுன்னு கேக்கறதுக்கு முன்னாடி எங்க வலிக்குதுன்னு பிரிக்கணும்.

உட்காரும் எலும்பு ரெண்டும் குத்துற மாதிரி வலிச்சா, ஃபோம் முழுசா அமுங்கி, அதுக்குக் கீழ இருக்கிற பிளாஸ்டிக் அடித்தட்டுல தட்டுது, இல்லேன்னா எலும்பு ரெண்டையும் தாங்குற அகலம் சீட்டுக்கு இல்ல. வால் எலும்பு வலிச்சா, பின்பக்கம் குழிஞ்சு இடுப்பு பின்னால உருளுது, அல்லது நடுத் தையல் நேரா அங்கேயே ஓடுது. தொடை இடுக்கு மரத்துப்போகுதுன்னா அது சரிவு. ஃபோமுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாமகூட இருக்கலாம்.

உங்க ரெண்டு தொந்தரவும் ஒரே இடத்துல இருந்து வருது. ஸ்போர்ட் பைக் சீட் டேங்க் பக்கம் சரிஞ்சிருக்கும். நீங்க சறுக்கி முன்னாடி வர வர, எலும்பு மேல இருந்த பாரம் நரம்பு ஓடுற மெல்லிய சதை மேல இறங்குது, அதுவும் சீட்டோட மூக்குல, அதாவது டேங்க் பக்கம் ஒடுங்கிற முன்நுனியில. சறுக்காம இருக்க கை ரெண்டும் க்ளிப்-ஆனை (தாழ்வா இருக்கிற ஹேண்டில்பாரை) தள்ளிக்கிட்டே இருக்கு, அதான் உள்ளங்கை எரியுது. இந்த நிலைமையில மெத்துன்னு ஒரு ஜெல் சீட்டை மாட்டினா, சொகுசா சறுக்குவீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரிவை அளந்து பாருங்க. ரெண்டு டயரும் சமதரையில இருக்கணும், ஒருத்தர் வண்டியை நேரா பிடிச்சுக்கணும். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துற பேடாக் ஸ்டாண்டுல ஏத்தி அளந்தா வண்டியோட பின்பக்கம் தூக்கிடும், சரிவு நிஜத்தை விட அதிகமா காட்டும். நிறைய பேர் இங்கதான் ஏமாறுறாங்க. உட்காரும் இடத்துல இருந்து மூக்கு வரைக்கும் 25–30 செ.மீ. நீளத்துக்கு ஒரு நேரான பட்டையை வச்சு, அது மேல ரசமட்டமோ போன்ல இருக்கிற கோணமானியோ வைங்க. தரையோட சாய்வையும் தனியா எடுத்துக் கழிச்சுக்கோங்க.

அப்புறம் எலும்பு இடைவெளி. நெளி அட்டை ஒரு துண்டு வெட்டி, கெட்டியான சமமான ஸ்டூல் மேல போட்டு, வண்டியில எப்படி குனிவீங்களோ அப்படியே குனிஞ்சு ஒரு நிமிஷம் உட்காருங்க. நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்த அளவு இதுக்கு உதவாது. குனிஞ்சா அந்த எலும்போட முன்பகுதிதான் தொடும், இடைவெளி குறையும். அட்டையில விழுற ரெண்டு பள்ளத்தோட நடுவுக்கு நடு அளவு எடுங்க. பெரும்பாலும் 100-ல இருந்து 140 மி.மீ.க்குள்ள வரும். சீட்டுல நீங்க உட்காரும் இடத்துல தட்டையான அகலம் அந்த அளவை விட பக்கத்துக்கு 30 மி.மீ. கூட இருக்கணும்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி பின் ஷாக்கோட பிரிலோடையும் (ஸ்பிரிங்கை முன்னாடியே அழுத்தி வச்சிருக்கிற அளவு) பாருங்க. நீங்க ஏறி உட்கார்ந்தா பின்பக்கம் 30–35 மி.மீ. இறங்கணும். ரொம்ப கெட்டியா இருந்தா ஒவ்வொரு குழியும் நேரா முதுகுத்தண்டுக்கு வரும், பழி சீட் மேல விழும். சரிவுல இதோட பங்கு சின்னது. வீல்பேஸ் (ரெண்டு சக்கர நடுவுக்கும் உள்ள தூரம்) 1375 மி.மீ., பின்பக்கம் 15 மி.மீ. கூட தூக்கி நின்னா வெறும் 0.6 டிகிரிதான். ஆனா அதிர்ச்சி விஷயத்துல நிறைய மாறும்.

சாக்குஊசி:
மேல சொன்னது சரி. ஃபோம் பத்தி நான் சொல்றேன், ஏன்னா கடையில பேசுறப்ப குழப்பம் அங்கதான் வரும்.

அடர்த்தி வேற, கடினம் வேற. ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோங்கிறது அடர்த்தி. அது ஃபோம் எத்தனை நாள் உயிரோட இருக்கும்னு சொல்லும். எவ்வளவு அழுத்தினா எவ்வளவு அமுங்கும்கிறது கடினம். 30 கிலோவுக்குக் கீழ இருக்கிற சோபா ஸ்பாஞ்சு முதல் நாள் அருமையா இருக்கும், சீக்கிரமே செத்துப்போகும். செத்த ஃபோம்னா அமுக்கின பள்ளம் எழும்பாம அப்படியே நிக்கும்.

கட்டைவிரலால அமுக்கிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஒரு முட்டியை ஃபோம் மேல ஊன்றி, பாரத்தை எல்லாம் அதுல போட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க. தரை தட்டுப்பட்டா அந்தக் கனத்துக்கு அது பத்தாது.

வேலை செய்யுற அடுக்கு இதுதான்: அடியில துண்டு ஃபோமை அழுத்தி ஒட்டின ரீபாண்ட், கிட்டத்தட்ட 100 கிலோ அடர்த்தி. அதுக்கு மேல நல்லா எழும்பும் தன்மை உள்ள பாலியூரித்தேன் ஃபோம், 50–60 கிலோ. மேல தையலுக்காக 3–5 மி.மீ. மெல்லிய ஃபோம் ஒட்டின கவர். ரீபாண்ட் தட்டாம காப்பாத்தும், மேல் ஃபோம் எலும்பைச் சுத்திப் பாரத்தைப் பரப்பும். ஒரே ஃபோம்ல ரெண்டு வேலையும் வாங்கப் பார்த்தா ஒண்ணுல கோட்டை விடுவோம்.

மெமரி ஃபோம் இந்த வண்டிக்கு வேண்டாம். குளிர்ல இறுகும், சூட்டுல இளகும், மெல்லத்தான் எழும்பும். நீங்க இடம் மாறி உட்கார்ந்தாலும் பழைய குழி உங்களை விடாது. ஜெல் கெட்டது இல்ல, ஆனா ஃபோமுக்கு மாற்றும் இல்ல. பாரத்தைப் பக்கவாட்டுல பரப்பும், அதிர்ச்சியை விழுங்காது. மேலாக வச்சா வெயில்ல நின்ன வண்டியில ஏறி உட்கார முடியாது, சூடு பிடிச்சா லேசுல விடாது. வைக்கணும்னா ஜெல் அளவுக்கே பள்ளம் வெட்டி உள்ள இறக்கி, மேல குறைஞ்சது 10 மி.மீ. ஃபோம் போட்டு மூடணும். அப்பவும் ஜெல் விளிம்பு எலும்புக்கு நேரா வந்தா ஒரு மேடு உறுத்தும்.

சீட்டுக்கு அடியில சைலன்சர் போற வண்டிகளுக்கு, உதாரணமா 2003-ல இருந்து வந்த ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர், அடித்தட்டுக்குக் கீழ சூடு தடுக்கிற தாள் ஒட்டணும். ஆர்6-ல அந்தத் தொல்லை இல்ல.

ஏப்பெக்ஸ்:
டிராக்கும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். ஸ்போர்ட் சீட் என்பது உட்காருவதற்கு மட்டும் இல்லை. வளைவுக்கு வளைவு பக்கவாட்டில் நகருவதற்கும்தான். ஆழமாகக் குழித்த சீட் நெடுஞ்சாலையில் தொட்டில் போல இருக்கும். வளைவில் அந்தக் குழியின் விளிம்பைத் தாண்டித்தான் இடுப்பை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். முன்பின்னாகச் சமமாகவும் பக்கவாட்டில் கிட்டத்தட்டத் தட்டையாகவும் இருப்பதே உங்களுக்குப் பொருந்தும்.

பின்பக்கம் முட்டுக்கொடுக்கும் மேடு வைத்த சீட் வாங்கினால், சாதாரணமாக உட்காரும்போது இடுப்புக்குப் பின்னால் ஒரு கை அகலம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டேங்க் மேல் படுத்து ஓட்டும்போது பின்னால் நகர இடமே இருக்காது.

கவர் முழுக்கச் சொரசொரப்பான துணி வேண்டாம். நடுவில் பிடிப்பு, ஓரங்களில் வழுவழுப்பு. முழுக்க வழுவழுப்பான ரெக்சின் என்றால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்கில் மோதுவீர்கள். ஆனால் பிரேக்கில் மட்டும் சறுக்கினால் அது சீட்டின் குற்றம் இல்லை: முட்டியால் டேங்கைப் பிடிக்க வேண்டும், பக்கவாட்டு டேங்க் பேட் ஒட்டினால் பாதி சரியாகிவிடும். சீரான வேகத்திலும் சறுக்குகிறது என்பதால்தான் உங்கள் விஷயத்தில் சரிவைச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

ஏர்ஹாக் போன்ற காற்றுக் குஷனில் எல்லோரும் செய்யும் தவறு, காற்றை நிறைய அடிப்பது. உட்கார்ந்த பிறகு வால்வைத் திறந்து, அடியில் உள்ள சீட்டை உடம்பு தொடாமல் ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் நிற்கும்வரை காற்றை விட வேண்டும். நெடுஞ்சாலைக்கு அருமை. வளைவில் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் ஏதோ மிதக்கிற மாதிரி இருக்கும். டிராக்குக்கு முன் கழற்றிவிடுங்கள்.

ஆறாம்கியர்:
அளந்தாச்சு. தரைச் சாய்வைக் கழிச்ச பிறகு சரிவு 8 டிகிரி. அட்டையில எலும்பு இடைவெளி 120 மி.மீ. உட்காரும் இடத்துல தட்டையான அகலம் 190. கவரை ஒரு பக்கம் உரிச்சு மெல்லிய ஊசியை அடித்தட்டு தட்டும்வரை இறக்கிப் பார்த்தேன்: உட்காரும் இடத்துல ஃபோம் 42 மி.மீ., மூக்குல 30. அந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல 220 மி.மீ. பின்பக்க இறக்கம் 33, அதுல பிரச்சினை இல்ல போல.

ரசமட்டம்:
அப்போ அகலம் போதும். 120-ம் 60-ம் 180, உங்களுக்கு 190 இருக்கு. சரிவு மட்டும்தான் எதிரி. 8-ஐ 4-க்குக் கொண்டு வந்தா போதும். முழுசா சமம் பண்ணினா க்ளிப்-ஆனுக்குக் குனியறப்ப மூக்கு நேரா இடுக்குல இடிக்கும்.

220 மி.மீ. நீளத்துல 15 மி.மீ. மாத்தினா கிட்டத்தட்ட 4 டிகிரி கிடைக்கும். அந்த 15-ஐயும் மூக்குலயே ஏத்தினா கால் தரைக்கு எட்டுறது இன்னும் கஷ்டமாகும். பாதியாப் பிரிங்க: உட்காரும் இடத்துல 7 குறைங்க, மூக்குல 8 ஏத்துங்க. 42-ல 7 போனா 35. 30-க்குக் கீழ போகாத வரைக்கும் உங்க எடைக்குத் தட்டாம காப்பாத்தலாம்.

மூக்குல ஏத்துறப்ப அகலம் ஏறவிடாதீங்க. 850-ங்கிறது தரையில இருந்து சீட்டுக்கு நேர்க்கோட்டு உயரம். உங்க கால் நேர்க்கோட்டுல இறங்காது, சீட் ஓரத்தைச் சுத்தித்தான் இறங்கும். ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. அகலம் கூடினா, உயரம் மாறாமலேயே குதிகால் மேல போயிடும். மேல் விளிம்பை நல்லா உருட்டி விடுங்க. 7 மி.மீ. இறங்கினதுல முட்டி கொஞ்சம் கூட மடங்கும், அது உங்க உயரத்துக்குத் தெரியாது. நெடுங்கால்காரருக்கு இதே யோசனையை நான் சொல்ல மாட்டேன்.

வெட்டறதுக்கு முன்னாடி சோதிக்கணும். தரையில விரிக்கிற பாய் மாதிரி வரும் மூடிய துளை ஃபோமை ஆப்பு மாதிரி சீவி, மூக்குல 15 மி.மீ., உட்காரும் இடத்துல 0, சீட் மேலேயே வச்சு பழைய டயர் ட்யூபை வெட்டி இழுத்துக் கட்டுங்க. பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும். சோதனைக்காக மட்டும் உயரம் கூடும், பரவாயில்ல. ஒரு மணி நேரம் ஓட்டுங்க. மரத்துப்போறது நின்னா மட்டும் கத்தியை எடுங்க. நிக்கலேன்னா 12, 18-னு மாத்திப் பாருங்க.

சாக்குஊசி:
கத்தி எடுக்கறப்ப: உட்காரும் இடத்துல 260-க்கு 200 மி.மீ. அளவு அடித்தட்டு வரைக்கும் வெட்டி எடுங்க. ரம்பப் பல் உள்ள ரொட்டிக் கத்தி போதும், இழுக்கறப்ப அழுத்தாதீங்க. வெட்டு ஓரம் நேரா இறங்கக் கூடாது, 45 டிகிரி சாய்ச்சு வெட்டணும். நேரா வெட்டினா புது ஃபோமும் பழசும் சேருற கோடு தொடையில தெரியும். அந்தப் பள்ளத்துல 15 ரீபாண்ட், மேல 20 நல்ல ஃபோம், மொத்தம் 35. மூக்குக்கு 8 மி.மீ. ஈவிஏ (மூடிய துளை ஃபோம் வகை), பின்பக்கம் சீவி சைபர் ஆக்கிடுங்க. கடைசியா 80 நம்பர் உப்புத்தாள் வச்சு இழுத்தா மேடு பள்ளம் போயிடும். முகமூடி போடுங்க, ஃபோம் தூசி நெஞ்சுக்குள்ள போகும்.

ஒட்டறது காண்டாக்ட் பசை. ரெண்டு பக்கமும் தெளிச்சு, விரல் வச்சா ஒட்டாத பதம் வர்ற வரைக்கும் காத்திருந்து சேர்க்கணும். ஈரத்துல சேர்த்தா கரைப்பான் உள்ளேயே மாட்டிக்கிட்டு ஒரு கெட்டி ஓடு உண்டாகும். எலும்பு வர்ற இடத்துக்கு நேரா பசையே வேண்டாம், சுத்தி ஓரத்துல மட்டும் போதும்.

இனிதான் பெரும்பாலான வேலை கெடுற இடம். பழைய கவரையே திரும்பப் போட்டுடலாம்னு நினைப்பீங்க. ஃபோமை லேசா குழிச்சிருக்கோம். பழைய கவர் அந்தக் குழிக்குள்ள இறங்காது, மேல தம்பட்டத் தோல் மாதிரி இழுத்து நிக்கும். உட்கார்ந்தா உங்களைத் தாங்குறது ஃபோம் இல்ல, கவர். கெட்டியாத்தான் இருக்கும், ஃபோம் சரியில்லன்னு திட்டுவீங்க. கவர் போட்ட பிறகு உள்ளங்கையால குழியில தட்டிப் பாருங்க, டப்புனு சத்தம் வந்தா அடியில இடைவெளி இருக்கு. அதுக்கு நாலு பக்கமும் இழுபடுற ரெக்சின் வேணும், இல்லேன்னா குழியோட ஓரத்துல தையல் கொடுத்து புதுசா வெட்டணும். அந்தத் தையல் நடுவுல ஓடக் கூடாது, எலும்பு மேலயும் வரக் கூடாது.

ஸ்டேப்பிள் துருப்பிடிக்காத இரும்பு, கால் நீளம் 6 மி.மீ. அடித்தட்டு 3 மி.மீ. இருந்தா இது சரி. 10 போட்டா ஓரத்துல ஃபோம் மெலிசா இருக்கிற இடத்துல நுனி கவரைக் குத்தி வெளிய வரும். முதல்ல மூக்கு நடுவுல ஒண்ணு, பின்பக்கம் நடுவுல ஒண்ணு, அப்புறம் ரெண்டு பக்கமும் நடுவுல, கடைசியாத்தான் மூலைகள். வெயில்ல அரை மணி நேரம் போட்டு எடுத்த ரெக்சின் சொன்னபடி கேக்கும்.

தையல் ஓட்டைக்குள்ள தண்ணி போகும், எவ்வளவு நல்ல நூல் போட்டாலும். உள்பக்கத்துல தையல் மேல டேப் ஒட்டுங்க, அடித்தட்டுல தாழ்வான இடத்துல 4 மி.மீ. ஓட்டை ஒண்ணு போடுங்க. அது இல்லேன்னா மழை நின்ன மறுநாளும் உட்கார்ந்தவுடனே பேன்ட் நனையும்.

ஆறாம்கியர்:
ரொம்ப நன்றி அண்ணா. ஆப்பு வச்சு இந்த வாரமே ஓட்டிப் பார்க்கிறேன். ஒருவேளை வெட்டறதுக்கு மனசு வராம ரெடிமேட் சீட்டே வாங்கினா, எதைப் பார்த்து வாங்கணும்?

ஏப்பெக்ஸ்:
மாடல் ஆண்டு முதலில். 2006-இலிருந்து வந்த ஆர்6 சீட்டுகள் 2006–07, 2008–16, 2017 முதல் என மூன்று தனித்தனிக் குழுக்கள். உங்களுடையது மூன்றாவது. வெறும் "ஆர்6-க்கு" என்று விற்பவரிடம் ஆண்டைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

அடுத்து, வெறும் கவரும் ஃபோமுமா, அடித்தட்டோடு சேர்ந்ததா? அடித்தட்டோடு வந்தால் உங்கள் பழைய சீட் பத்திரமாக இருக்கும், பிடிக்காவிட்டால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். பக்கவாட்டுப் படம் கேளுங்கள். மூக்குக்கும் உட்காரும் இடத்துக்கும் உள்ள சரிவைப் படத்திலேயே கோடு போட்டுப் பார்க்கலாம். ஜெல், ஃபோம் என்று எதை எழுதியிருந்தாலும் சரிவு பழைய சீட் போலவே இருந்தால் உங்களுக்கு அது பயன்படாது. கார்பின் வகை சீட்டுகள் ஆரம்பத்தில் கல்லாக இருக்கும். ஃபோம் பழகுவதற்குச் சில காலம் ஓட்ட வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். முதல் வாரத்தில் விற்றுவிடாதீர்கள்.

ரசமட்டம்:
மாட்டறப்ப ரெண்டு விஷயம். ஆர்6-ல ஓட்டுநர் சீட்டோட பின் மூலை ரெண்டையும் இழுத்துப் பிடிச்சா உள்ள ஹெக்ஸ் போல்ட் தெரியும், ஒரு பக்கம் ஒண்ணு. பழைய சீட்டுல அந்த ஓட்டைக்குள்ள உலோகக் குழல் இருந்தா, புது அடித்தட்டுல அது வந்திருக்கான்னு பாருங்க, இல்லேன்னா பழசுல இருந்து மாத்துங்க. குழல் இல்லாம போல்ட்டை இறுக்கினா பிளாஸ்டிக் நசுங்கி ஓட்டையைச் சுத்தி விரிசல் விடும்.

அப்புறம், அடித்தட்டுல இருக்கிற ரப்பர் முட்டுகள் எல்லாம் சட்டத்தைத் தொடணும். குழந்தைகள் விளையாடுற களிமண்ணை ஒவ்வொரு ரப்பர் மேலயும் பட்டாணி அளவு ஒட்டி, சீட்டை மாட்டி, உட்கார்ந்து எழுந்து கழட்டிப் பாருங்க. எல்லாம் நசுங்கியிருந்தா சரி. ஒண்ணு உருண்டையாவே இருந்தா அந்த மூலை காத்துல தொங்குது, உங்க பாரம் முழுக்க முன் நாக்கு (அடித்தட்டோட முன்பக்கம் கொக்கியில மாட்டுற நீட்டு) மேல விழுது, அது ஒரு நாள் உடையும். அந்த ரப்பருக்கு அடியில தேவையான அளவு ரப்பர் ஷீட் வெட்டி ஒட்டுங்க. பேட்டரி மூடி, ஒயர் கட்டு மேலயும் களிமண் வச்சுப் பாருங்க, அங்க மட்டும் நசுங்கவே கூடாது. கடைசியா மூக்கைப் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க, அசைஞ்சா நாக்கு கொக்கியில மாட்டல, போல்ட்டைக் கழட்டி மறுபடி மாட்டுங்க.